அறுத்துப் பார்க்கும் உரிமை

ஒரு பொருளை அறிந்துகொள்வதற்காக அதைச் சிதைக்கலாமா? கதை எழுதுகிறவனிடம் கேட்டால் சற்று நெளியத்தான் செய்வான். மனிதர்களை அறுத்துப் பார்ப்பதே அவன் பிழைப்பு. மனிதர்களை விட்டுவிட்டு, வாய் பேசாத ஒரு கல்லை வைத்து யோசித்துப் பார்க்கிறேன்.

1751-ல் ஜாக்ரெப் நகரத்தை அடுத்த ஹ்ராஷினாவில் வானத்திலிருந்து இரண்டு இரும்புக் கட்டிகள் விழுந்தன. பெரியது வியன்னாவுக்குப் போயிற்று. பார்வைக்குக் கருகிய இரும்பு, அவ்வளவுதான். 1808-ல் விட்மன்ஷ்டேட்டன் என்பவர் அதன் துண்டு ஒன்றைத் தீயில் காட்டினார். உடனே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பட்டைகள், பாய் பின்னியதுபோல் எழுந்து வந்தன. ஏதோ ஒரு சிறு கோளின் வயிற்றுக்குள் நிக்கல் கலந்த இரும்பு மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது. இத்தகைய கற்கள் பலவற்றில், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில பத்து அல்லது சில நூறு டிகிரிதான் கணக்கு. அப்போது நிக்கல் குறைந்த படிகமும் மிகுந்த படிகமும் தனித்தனியே பிரிந்து போட்ட கோலம் அது. எந்தக் கொல்லன் அத்தனை காலம் உலைக்குக் காவல் இருப்பான்? பின்னாளில் திராவகத்தால் அரித்த விண்ணிரும்பில் மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தார்கள். தன் சரித்திரத்தைத் தானே அச்சிட்டுக்கொண்ட கல்! அச்சகத்துக்கு நடந்து அலுத்த எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அறுக்காமல் விட்டிருந்தால் கட்டி முழுசாக இருந்திருக்கும், ஊமையாகவும் இருந்திருக்கும். அறுத்தது நியாயமே என்பேன்.

ஆனால் மர்ச்சிசன் கல்லிடம் வரும்போது என் துணிச்சல் குறைகிறது. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் விழுந்த கல் அது. அதற்குள் சூரியனுக்கும் மூத்த சிலிகன் கார்பைடு துகள்கள் இருக்கின்றன. சிலவற்றின் வயது 700 கோடி ஆண்டு இருக்கலாம் என்று 2020-ல் மதிப்பிட்டார்கள். அவற்றைப் பிரித்தெடுக்க, கல்லைப் பொடித்துத் திராவகத்தில் இட்டு மற்றதையெல்லாம் கரைத்துவிட வேண்டும். கரைந்து போகிறதே, அதுவும் ஏறக்குறைய 460 கோடி ஆண்டுப் பழசு. இன்று கழிவென்று தோன்றுவதில் நாளை ஒருவன் தேடுவது இருக்காதா?

ஒரு தாயின் துக்கத்திலிருந்து ஒற்றை வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் கொட்டிவிட்ட எழுத்தாளர்கள் உண்டு. அந்தத் தாய் மறுபடியும் கிடைப்பதில்லை. கல்லுக்காவது மீதி இருக்கிறது. நூறு கிலோவுக்கு மேல் கிடைத்ததில் பெரும் பங்கொன்று சிகாகோவிலுள்ள ஃபீல்டு மியூசியத்தில் இருக்கிறது. வேண்டியபோது அதில் ஒரு சிறு துண்டைத்தான் எடுக்கிறார்கள்.