வெள்ளத்தை அளப்பதும் அறமே
மழைமானி எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று கூறும். அந்நீர் எவர் வாசலில் தேங்கும் என்று கூறாது. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக ஒடுங்கிக் கிடக்கும் கல்முனைப் பகுதியில், மண் நிரப்பி மேடாக்கப்படும் ஒவ்வொரு பள்ளமும் தான் தாங்கிய வெள்ளத்தை அயலவர் வளவுக்குத் தள்ளிவிடுகிறது.

2024 நவம்பர் 26இல் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மேவிய வெள்ளம், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மதரசா மாணவர் சிலரின் உயிரைக் குடித்தது. இதனை விதியென்று கூறி நாம் ஒதுங்கலாமா? மழை இயற்கையின் செயல்; நீர் எவ்வளவு உயர்ந்தால் வீதியை மூடவேண்டும் என முன்கூட்டியே வகுப்பது மனிதர் கடமை.

ஆகவே, வெள்ளத்தை அளப்பது பொறியியலாளர் தொழில் மட்டுமன்று, சமுதாயத்தின் அறம். அளக்காதிருந்து அறியாமையைச் சாக்குச் சொல்வது கோழைத்தனம். அளந்தறிந்தபின் நாம் வாளாவிருப்பதோ குற்றம்.