திருத்தும் உரிமையும் திருத்தாத வேதமும்

வெள்ளாற்றின் வடகரையில் திட்டக்குடி; ஆற்றைத் தாண்டினால் பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காடு. முஸ்லிம்கள் நிறைந்த ஊர். இங்கே மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒரு ஜபரை (‘அ’ ஒலிக்குறி) ஜேராக (‘இ’ ஒலிக்குறி) ஓதிவிட்டால் ஆசிரியரான ஹஜ்ரத் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். ஒரு குறி மாறினால் பொருளே மாறிவிடக்கூடும். அந்தக் கண்டிப்பைக் கணினிக்குள் எப்படிக் கொண்டுபோவது?

‘ஸிக்ர்’ என்ற குர்ஆன் செயலியை எடுத்துக்கொள்ளலாம். ஜாவா மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியானதால் அதன் நிரலை யாரும் பிரிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பரப்பலாம். ஆனால் அதற்குள் இருக்கும் குர்ஆன் மூலம் ‘தன்ஸீல்’ திட்டத்திலிருந்து வருகிறது. இணையத்தில் பிழைகளோடு உலவிய யூனிகோட் பிரதிகளுக்கு மாற்றாக 2007இல் தொடங்கிய திட்டம் அது. அதன் நிபந்தனை: எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது.

ஒரே பெட்டிக்குள் இரண்டு நேரெதிர் சட்டங்களா? கட்டற்ற மென்பொருள்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் ஜிபிஎல் உரிமத்தின் முகப்பைப் பார்த்தால் வேடிக்கை புரியும். எல்லாவற்றையும் திருத்த அனுமதி தரும் அந்த ஆவணம், தன்னைத் திருத்த அனுமதிப்பதில்லை. அப்படியே நகலெடுக்கத்தான் விடுகிறது. அந்த உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனும் வேலை செய்யும் கருவி வேறு, ஒருவரது கருத்தைச் சொல்லும் எழுத்து வேறு என்றே பிரிக்கிறார். வக்ஃபு சட்டம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அறத்துக்கென ஒப்படைத்த வக்ஃபு சொத்தை விற்க முடியாது, வாரிசுக்குப் பிரிக்க முடியாது. பயன் மட்டும் உரியவர்களுக்கு. கொடுத்தவரின் நிபந்தனையும் கூடவே நிற்கும்.

ஆக, கருவியைத் திருத்தலாம், வேதத்தைத் தொடக்கூடாது. இதுவரை எளிது. சிக்கல் திரையில்தான்.

ஸிக்ர் பயன்படுத்தும் எஸ்டபிள்யூடி என்ற திறமூல நூலகம், அந்தந்த இயங்குதளத்தின் சாளரங்களையே எடுத்தாளும். அரபு எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை விண்டோஸில் ஒரு நிரல் செய்கிறது, லினக்ஸில் வேறொன்று. எழுத்துருவில் ஒரு சிறு குறி இல்லையென்றால் அங்கே வெறும் கட்டம் நிற்கும், அல்லது குறி இடம் மாறி உட்காரும். கோப்பு மாறவில்லை, ஓதுகிறவர் கண்ணில் ஆயத்து மாறிவிட்டது. இதற்கு யார் பொறுப்பு?

இன்னொன்றும் உண்டு. தன்ஸீல், மதீனா முஸ்ஹஃப் எனப்படும் குர்ஆன் அச்சுப் பிரதியைப் பின்பற்றுகிறது. தமிழ்நாட்டில் பலர் ஓதிப் பழகிய இந்திய அச்சில் குறியீட்டு முறை சற்று வேறு. இரண்டும் ஹஃப்ஸ் என்ற ஒரே ஓதல் முறைதான், பிழை எதுவும் இல்லை. ஆனாலும் பழகாத குறியைக் கண்டு தடுமாறும் பெரியவரிடம் யூனிகோட் பாடம் நடத்துவது நியாயமில்லை.

“மூலத்தை நான் தொடவில்லை” என்பது பாதி பதில்தான். வேதம் அமானிதம் என்றால், அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதும் அமானிதத்தில் சேர்ந்ததே. குர்ஆன் செயலி எழுதும் இளைஞர்கள் ஒவ்வோர் இயங்குதளத்திலும் அதைத் திறந்து, குர்ஆனை மனனம் செய்த உள்ளூர் ஹாபிழ் ஒருவரை உட்காரவைத்து ஓதச் சொல்லிச் சரிபார்த்த பிறகே வெளியிடட்டும்.