ஏற்றிச் செல்லும் கடமையும் பயணம் செய்யும் உரிமையும்

மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீட்டில் கார் வாங்குவது விலையையும் மைலேஜையும் பார்த்து முடித்துவிடும் காரியம் அல்ல. சக்கர நாற்காலி உள்ளே போக வேண்டும். துணைக்கு வருபவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மற்றப் பிள்ளைகளையும் விட்டுச் செல்ல முடியாது. இடம் கூடக் கூட விலையும் கூடும். இந்தக் கணக்குக்கு அடியில் பழைய அறக்கேள்வி ஒன்று கிடக்கிறது. நடக்க இயலாதவர் ஓரிடம் சென்றுவர யார் கடன்பட்டவர்? குடும்பமா, ஊரா, அரசா? அந்தக் கடன் இரக்கத்தால் வருவதா, நீதியால் வருவதா? சமயங்களும் தத்துவங்களும் சட்டங்களும் இதற்கு வெவ்வேறு விடைகள் தந்திருக்கின்றன.

சுமந்தவர்களின் கதைகள்

இந்திய மரபில் பெரும்பாலும் சுமப்பவரே கதையின் தலைமகன். கண்பார்வையற்ற தாய் தந்தையரைக் காவடியில் இருத்தித் தோளில் தூக்கிச் சென்ற சிரவணன் பெற்றோர் பக்திக்கு இலக்கணமாகக் காட்டப்படுகிறான். நோயுற்ற கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்த நளாயினி, தமிழ்நாட்டில் கற்புக்குச் சான்றாகச் சொல்லப்பட்டாள். இரண்டு கதைகளும் கடமையை உயர்த்திப் பிடிக்கின்றன. ஆனால் இரண்டிலும் பாரம் முழுவதும் ஒரே ஆள்மீது விழுகிறது. ஊர் பார்த்து வியக்கிறது, தோள் கொடுப்பதில்லை. நளாயினி கதையில் போகும் இடத்தைக் கணவன் முடிவு செய்கிறான். சுமக்கிறவளுக்கு அதில் சொல் இல்லை. இன்றைய வீடுகளிலும் பராமரிப்பு பெரும்பாலும் தாய், மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் வேலையாகவே இருக்கிறது. அதைத் தியாகம் என்று புகழும்போது, பங்கிட்டுக்கொள்ள வேண்டியவர்கள் புகழுரையோடு விலகிக்கொள்ள வழி கிடைத்துவிடுகிறது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் வேறொரு படம் தருகிறது. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். கூட்டம் வழிமறிக்கவே, கூரையைப் பிரித்து அவரை உள்ளே இறக்குகிறார்கள். இங்கே சுமை நால்வருக்குப் பங்காகிறது. வழி அடைபட்டபோது அவரைத் திருப்பி அனுப்பவில்லை, கட்டடத்தையே மாற்றினார்கள். குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் 61-ஆம் வசனம் பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், நோயுற்றோர் ஆகியோர்மீது குற்றமில்லை என்று கூறி, உறவினர் வீடுகளில் உண்பதைப் பற்றிப் பேசுகிறது. குறைபாடு உள்ளவருக்குப் பந்தியில் இடமுண்டு என்பதை அது உறுதி செய்கிறது.

பெரியபுராணத்தின் தண்டியடிகள் நாயனார் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறார். பிறவியிலேயே பார்வையற்ற அவர் திருவாரூர்க் கோயிலுக்கு மேற்கே இருந்த குளத்தைப் பெரிதாக்க முனைந்தார். குளத்துக்குள்ளும் கரையிலும் கம்பங்களை நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண்ணைச் சுமந்து வந்து கொட்டினார். பார்வை பெறுவது கதையின் முடிவில்தான் வருகிறது. வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இந்த வேலையில் அவரை யாரும் சுமக்கவில்லை. இடத்தைத் தமக்கு ஏற்ப அமைத்துக்கொண்டு அவரே நடந்தார். மாற்றுத்திறனாளிகளின் பயணம் பற்றிய எந்தச் சிந்தனையும் இந்த இரு எல்லைகளுக்கு நடுவேதான் நகர்கிறது. ஒரு பக்கம் சுமக்கும் தோள். மறுபக்கம் கட்டிய கயிறு.

வினைப்பயன் பற்றிய ஐயமும் இங்கே எழும். குறைபாடு முற்பிறவி வினையால் வந்தது என்றால் உதவி தேவையா என்று கேட்பவர் உண்டு. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்களும் இதைப் போன்ற கேள்வியையே கேட்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்கிறார்கள். இருவருமில்லை என்பது இயேசுவின் மறுமொழி. வினைக் கொள்கையை ஏற்பவருக்கும் விலக்கு இல்லை. பிறர் வினையைக் காரணம் காட்டி உதவ மறுப்பதும் ஒரு வினைதான். அதன் பயன் மறுத்தவரையே சேரும்.

இரக்கம் போதாத இடம்

இரக்கம் மட்டும் இருந்தால் என்ன குறை? இரக்கம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இன்று கார் எடுக்க மனமிருந்தால் பயணம் உண்டு, மனமில்லையென்றால் இல்லை. தத்துவ அறிஞர்கள் நீதியின் பக்கம் திரும்பியது இதனால்தான். ஆனால் நீதிக் கோட்பாடுகள் பலவும் இந்தக் கேள்வியில் தடுமாறின.

மொத்த இன்பத்தைப் பெருக்குவதே நெறி என்னும் பயன்வாதத்தில் ஒரு சிக்கல் இருப்பதை அமர்த்தியா சென் 1979-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில் எடுத்துக்காட்டினார். ஒரே தொகையிலிருந்து மாற்றுத்திறனாளி மற்றவரைவிடக் குறைந்த பயனே பெறுகிறார் என்றால், அந்தத் தொகையை மற்றவருக்குத் தருவதே சரி என்று அந்த நெறி சொல்லிவிடும். தேவை அதிகம் உள்ளவருக்குப் பங்கு குறையும். ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு இந்தக் கொடுமைக்குப் போகவில்லை. ஆயினும் வருமானம், செல்வம் போன்ற பொதுவான நன்மைகளால் அது நிலைமையை அளந்தது. குடிமக்கள் எல்லோரும் இயல்பான உடல், மன ஆற்றல் உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டு, கடுமையான குறைபாடுகளைப் பின்னால் பார்க்க வேண்டியதாக ஒதுக்கியது.

சென் முன்வைத்த மாற்று அளவுகோல் எளிமையானது. ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதைவிட, அதைக்கொண்டு அவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் பேருந்தில் ஏறி வேலைக்குப் போகிறார். மற்றவர் வாடகைக் கார் அமர்த்த வேண்டியிருக்கிறது. வருமானம் சமம், செல்லும் ஆற்றல் சமமன்று. உழைத்துப் பெறும் வருமானம் குறைவது ஒரு தடை. பெற்ற வருமானம் போதிய பயனாக மாறாதது இரண்டாவது தடை. முதல் தடையை மட்டும் கணக்கிடும் நலத்திட்டங்கள் பாதி வழியில் நின்றுவிடும்.

தத்துவ அறிஞர்களான ஈவா கிட்டே 1999-இல் எழுதிய நூலும், மார்த்தா நுஸ்பாம் 2006-இல் எழுதிய நூலும் இதனோடு மற்றொன்றைச் சேர்த்தன. பிறரைச் சார்ந்திருப்பது எல்லா வாழ்க்கையிலும் வரும் நிலை. குழந்தையும் முதியவரும் நோயாளியும் சார்ந்தே வாழ்கிறார்கள். ஆகவே பராமரிக்கப்படுபவருக்கு நீதி செய்வதோடு பராமரிப்பவருக்கும் நீதி செய்ய வேண்டும். சிரவணனின் தோளும் கணக்கில் வர வேண்டும் என்பது இதன் பொருள்.

ஒற்றை இருக்கை வண்டி

இந்தக் கோட்பாடுகளை வரலாறு சோதித்துப் பார்த்த இடம் பிரிட்டன். அங்கே 1948-இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கிய பின்னர், நடக்க இயலாதவர்களுக்கு அரசே மூன்று சக்கர மோட்டார் வண்டிகளை இலவசமாக வழங்கிவந்தது. பின்னாளில் இன்வாகார் என்று பெயர்பெற்ற இளநீல நிற வண்டி அந்தத் திட்டத்தின் அடையாளமானது. அதில் ஒரே ஓர் இருக்கை. வேறு யாரையும் ஏற்றக் கூடாது. மனைவியோ குழந்தையோ உடன் வர முடியாது. ஓட்ட இயலாதவருக்கு வண்டியே கிடையாது. அரசு வாகனம் தந்தது. குடும்பத்தோடு செல்லும் பயணத்தைத் தரவில்லை.

1974-இல் வெளிவந்த ஷார்ப் அறிக்கை இந்த வண்டிகளுக்குப் பதிலாகக் கார் தரப் பரிந்துரைத்தது. 1976-இல் நடமாட்டத்துக்கான உதவித்தொகையான இயக்கப் படி நடைமுறைக்கு வந்தது. ஓட்டுபவர், ஓட்டாதவர் என்ற வேறுபாடு இல்லாமல், நடக்க இயலாதவருக்கே பணம் கொடுக்கப்பட்டது. 1977-இல் தொடங்கிய மோட்டபிலிட்டி என்னும் அறநிறுவனம் அந்தப் படியைக் குத்தகைத் தொகையாகப் பெற்றுக்கொண்டு கார் வழங்கியது. காரைப் பெற்றோரோ துணையோ ஓட்டலாம். பயனாளி பின்னிருக்கையில் அமர்ந்தும் போகலாம். பழைய வண்டிகள் 2003 மார்ச் 31-க்குப் பின் சாலையில் தடைசெய்யப்பட்டன. இந்த மாற்றத்தில் தத்துவ வேறுபாடு ஒன்று பொதிந்திருக்கிறது. முந்தைய திட்டம் ஒருவரின் உடலை நகர்த்தியது. பிந்தைய திட்டம் அவரைக் குடும்பத்தில் ஒருவராக, எதை வாங்குவது என்று தீர்மானிப்பவராக நடத்தியது.

நான்கு மீட்டர் அளவுகோல்

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபர் 1-இல் அதற்கு ஒப்புறுதி அளித்தது. அதன் 20-ஆம் பிரிவு, தாம் விரும்பும் முறையிலும் நேரத்திலும் தாங்கக்கூடிய செலவில் நடமாடுவதைத் தனிமனித உரிமையாக வைக்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தாங்கக்கூடிய செலவில் தனிப்பட்ட நடமாட்டம் கிடைக்கச் சலுகைகள், வாகன மாற்றியமைப்பு, உதவி ஆகியவற்றுக்கான திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்று அதன் 41-ஆம் பிரிவு கூறுகிறது.

நடைமுறை இந்த அளவுக்கு வரவில்லை. கார்மீதான ஜிஎஸ்டி சலுகை எலும்பு, மூட்டு சார்ந்த 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு, கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழின் பேரில், 18 விழுக்காடு வரியாக வழங்கப்பட்டது. கார் நான்கு மீட்டர் நீளத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. பெட்ரோல் என்றால் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்க வேண்டியிருந்தது. சட்டம் ஏற்ற 21 வகைகளில் பெரும்பாலானவை இந்தச் சலுகைக்கு வெளியே நின்றன. பேருந்தின் நெரிசலையும் இரைச்சலையும் தாங்க முடியாத ஆட்டிசக் குழந்தைக்கும் கார் தேவைதான். ஆனால் அளவுகோல் எலும்பையே பார்த்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இதே வரம்புக்குள் வரும் சிறிய கார்களுக்கு எல்லோருக்குமே வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு ஆனது.

நீள வரம்பின் பின்னே ஓர் அறநிலைப்பாடு இருக்கிறது. பெரிய கார் ஆடம்பரம் என்பது அதன் அடிப்படை. மாருதி எர்டிகா காரின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல். பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி. ஆகவே அது வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஐந்து பேரும் மடக்கிய சக்கர நாற்காலியும் போகும் குடும்பத்துக்கு அந்த இடம் ஆடம்பரம் அல்ல. மடங்காத மின் சக்கர நாற்காலி வைத்திருப்பவருக்குச் சாய்தளம் பொருத்திய இன்னும் பெரிய வண்டி தேவை. எல்லோருக்கும் ஒரே நீளத்தை வரம்பாக வைப்பது பார்வைக்குச் சமத்துவம். ஆனால் சென் சுட்டிய பிழை அதில் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குள் நீதி

நான்கு மீட்டருக்குள் கிடைப்பதிலும் தேர்வு உண்டு. அந்தத் தேர்வில் குடும்பத்துக்குள்ளான நீதி வெளிப்படும். முதலில் பார்க்க வேண்டியது ஏறி இறங்கும் முறை. கார் இருக்கை சக்கர நாற்காலியின் இருக்கை உயரத்துக்கு அருகில் இருந்தால், தூக்காமல் பக்கவாட்டில் நகர்ந்தே மாறிவிடலாம். மிகத் தாழ்ந்த கார் தூக்குபவரின் முதுகை வருத்தும். மிக உயர்ந்த கார், ஏறுபவரைப் பிறர் உதவியை எதிர்பார்க்க வைக்கும். வேகன்ஆர் போன்ற உயரமான சிறிய கார்கள் இந்த வகையில் ஏந்தானவை. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதும் அவ்வளவே முக்கியம். ஈக்கோ வேனில் நகரும் கதவு உண்டு. நெருக்கமான இடத்தில் அது உதவும். ஆனால் தளம் சற்று உயரம். டிரைபர் காரில் மூன்றாம் வரிசையைக் கழற்றிவிட்டால் சக்கர நாற்காலிக்குத் தாராளமான இடம் கிடைக்கும். அன்று ஐந்து பேர்தான் போகலாம்.

செலவைக் குறைக்கச் சிஎன்ஜி கார் வாங்கும் வீடுகளில் பல வேளை டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. எரிபொருளில் மிச்சமாகும் பணத்துக்கு விலை, சக்கர நாற்காலி வீட்டிலேயே தங்கிவிடுவது. போய்ச் சேர்ந்த இடத்தில் காரை விட்டு இறங்க முடியாதவர் திருமண மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடுவார். நாற்காலியில் அமர்ந்தபடியே பயணம் செய்ய நேர்ந்தால், நாற்காலியை நான்கு முனைகளிலும் தளத்தோடு கட்ட வேண்டும். அமர்ந்திருப்பவருக்குத் தனியாகச் சீட் பெல்ட் வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஏற்றிச் செல்வது சாமான் ஏற்றுவதற்குச் சமம்.

ஒரு பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தில் இன்னொரு பிள்ளைக்காகக் கார் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பொதுவிடை இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முறைக்கு நெறி உண்டு. யாருக்காகக் கார் வாங்கப்படுகிறதோ அவர் ஷோரூமுக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரைத் தூக்கி ஏற்றுபவரும் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். இவ்விருவரையும் கேட்காமல், ஓட்டுபவர் மட்டுமே எடுக்கும் முடிவில் அன்பு இருக்கலாம், நீதி இராது.

கார் பொதுவிடையும் அல்ல. பேருந்தும் ரயிலும் நடைபாதையும் ஏறத்தக்கவையாக இருந்தால் பல குடும்பங்கள் கடன் வாங்கிக் கார் எடுக்க வேண்டியதில்லை. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் அளித்த தீர்ப்பு, அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவிட முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்றது. அந்த விதிகள் சாலைக்கு வரும்வரை, மாற்றுத்திறனாளிக்காகக் குடும்பம் வாங்கும் இடவசதியுள்ள கார், பொதுச் சமூகம் கட்ட வேண்டிய கடனை அந்த வீடு முன்கூட்டிக் கட்டுவதே. அதற்கு வரிச்சலுகை தருவது தயவு ஆகாது. கடனில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகும். சலுகையின் அளவைக் காரின் நீளம் தீர்மானிக்கக் கூடாது. பயணம் செய்பவரின் தேவையே தீர்மானிக்க வேண்டும்.