நான்கு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் அர்ச்சனைச் சீட்டை நீட்டினால், பெயர், ராசி, நட்சத்திரத்தோடு காரியம் முடிந்துவிடும். ஹோமத்துக்கு உட்கார்ந்தால்தான் சங்கல்பம் முழுசாக வரும். விரலில் தர்ப்பைப் பவித்திரம், வலது தொடை மேல் மூடிய கைகள். பிரம்மாவின் ஆயுளில் தொடங்கி, வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், அதன் முதல் பாதம் என்று இறங்கி, வருஷம், அயனம், ருது, மாசம், பட்சம், திதி, கிழமை எல்லாம் கடந்த பிறகுதான் நம் பேர் வரும். முழங்கால் வலியில் பாதி காதில் விழாது.

கலியுகம் 4,32,000 ஆண்டுகள். கழிந்தது 5,100-க்குச் சற்று மேல். வீவக வீட்டுக்கு 99 ஆண்டு குத்தகை என்று கணக்குப் பார்க்கும் ஊரில் இது கொஞ்சம் கூடுதலான தவணைதான்.

ஆனால் இந்த எண் மிரட்டுவதற்காக வைத்த எண்ணாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டை ஏழு முறை, மூன்றை மூன்று முறை, ஐந்தை மூன்று முறை பெருக்கினால் வந்துவிடுகிறது. வேறு பகா எண் எதுவும் உள்ளே இல்லை. அதனால் 128 எண்கள் இதை மீதியின்றி வகுக்கும். பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷச் சுற்று இதில் சரியாக 7,200 முறை அடங்கும். பன்னிரண்டு ஆண்டுக்கொரு கும்பாபிஷேகம் என்று கொண்டால் 36,000. சங்கல்பத்தில் வரும் அந்த முதல் பாதம், அதாவது கால் பங்கு, 1,08,000 ஆண்டுகள். 108 மணி ஜபமாலையை ஆயிரம் முறை உருட்டிய கணக்கு.

ஒரு நாளைக்கு மனிதனுக்கு 21,600 மூச்சு என்பது யோகிகள் சொல்வது. நான்கு விநாடிக்கு ஒன்று. அதுவும் இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறது, ஈவு 20. ஓர் ஆண்டுக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கலியுகமும் இருபது நாளில் தீர்ந்துவிடும். தேக்காவில் மீன் வாங்கி, எம்ஆர்டியில் நின்றபடியே கண்ணயர்ந்து, சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டு கழிக்கிற இருபது நாள். கிருஷ்ணாவதாரம் முடிந்து கலி பிறந்ததிலிருந்து இன்று வரை ஓடியது ஆறு மணி நேர மூச்சுகூட இல்லை. படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதை ஒருநாள் செய்து பார்க்கலாம். மாலை தீபாராதனைக்குக் கூட்டம் சேருமுன் பிராகாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, 108 மூச்சு. ஏழு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம். முப்பதைத் தாண்டுவதற்குள் மனம் இரண்டு முறை கைப்பேசியைத் தேடும். தேடட்டும், விட்ட இடத்திலிருந்து எண்ணலாம். இப்படி 4,000 முறை உட்கார்ந்தால் ஒரு கலி.

ஒன்று முதல் பத்து வரை ஒன்றே ஒன்று மட்டும் இதற்குள் வராது: ஏழு. வகுத்தால் 2 மிஞ்சும். சங்கல்பத்தில் சாஸ்திரிகள் கிழமை சொல்லும் இடத்தில் நான் அந்த இரண்டை நினைத்துக்கொள்வதுண்டு. கார்த்திகைச் சோமவாரத்துக்குச் சிவன் கோயில்களில் நீர் நிரப்பி அடுக்குகிற 1,008 சங்குகளில் ஏழு இருக்கிறது. கிழமைக்கு 144 சங்கு.