காட்சி அளவையும் கலாநிதிப் பட்டமும்

ஒருவர் ஒரு துறையிற் புலமை எய்திவிட்டார் என்று பல்கலைக்கழகமொன்று சான்று பகரும்போது, அது உண்மையில் எதற்குச் சான்று பகருகின்றது? இவ்வினா எல்லாத் துறைகளுக்கும் பொதுவானதே. எனினும் திரைப்பட, ஊடகவியற் கலாநிதிப் பட்டத்தை முன்வைத்து நோக்குமிடத்து அது தனிக் கூர்மை பெறுகின்றது. இலக்கிய ஆய்வாளர் நூலைக் கையில் எடுத்து, பக்கத்தைச் சுட்டி, வரியைக் காட்டலாம். திரைப்பட ஆய்வாளர் எழுதுவதோ கண்முன் ஓடி மறைந்த ஒன்றைப் பற்றியதாகும். அவர் அதனைக் கண்டாரா, கண்டதைச் செவ்வனே கண்டாரா என்பதைப் பரீட்சகர் எங்ஙனம் அறிவார்?

இத்துறை பல்கலைக்கழகத்துட் புகுந்து நெடுங்காலம் ஆகவில்லை. அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளரின் சங்கம் 1959இல் தோன்றியது. ஊடகம் என்னும் சொல் அதன் பெயரில் இடம்பெற்றது 2002இலேயே. அந்நாட்டிற் கலாநிதிப் பட்டம் நாடுவோர் பொதுவாகப் பாடநெறிகளை முடித்து, பிறமொழி வாசிப்புத் திறனைக் காட்டி, தகுதிகாண் பரீட்சையிற் தேறி, ஆய்வு முன்மொழிவுக்கு ஒப்புதல் பெற்று, ஆய்வேட்டை எழுதி, அதனை வாய்மொழியாகவும் நிலைநாட்டல் வேண்டும். பிரித்தானிய மரபில் ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையுமே பெரும்பாலும் முழுச் சுமையையும் தாங்குகின்றன. இவற்றுள் மொழி நிபந்தனையே விந்தையானது. கிறிஸ்தியான் மெற்ஸ் முதலியோரின் கோட்பாட்டைக் கற்கப் பிரெஞ்சு மொழி வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆயின் அகராதியின் துணையுடன் ஒரு பந்தியை மொழிபெயர்த்துவிட்டு, யப்பானியப் படமொன்றைத் துணையெழுத்துக்களால் மட்டும் அறிந்து ஆய்வேடு எழுதுபவரிடத்து அந்நிபந்தனை நிறைவேறியதாகுமா? விதி நிறைவேறியது, விதியின் நோக்கம் நிறைவேறவில்லை.

நிபந்தனைகள் யாவும் வாசித்தலையும் எழுதுதலையும் அளக்கின்றன. பார்த்தலை அளப்பது அரிது. இதனால் விளையக்கூடிய தீங்கை எட்வின் போர்ட்டரின் படமொன்றின் வரலாறு நன்கு விளக்கும். எடிசன் நிறுவனத்துக்காக அவர் 1903இல் ஆக்கிய 'அமெரிக்கத் தீயணைப்பு வீரனின் வாழ்க்கை' என்னும் குறும்படத்தில், தீப்பற்றிய வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் குழந்தையும் மீட்கப்படுகின்றனர். நியூயோர்க் நவீனக் கலைக் காட்சியகத்திலிருந்த பிரதியில், வீட்டின் உட்புறமும் வெளிப்புறமும் மாறிமாறித் தோன்றின. இணைவெட்டுத் தொகுப்பின் முன்னோடி என்று போர்ட்டரைப் போற்றுவதற்கு இப்பிரதி பெரிதும் துணைநின்றது. ஆனால் அக்காலத்துப் பதிப்புரிமைச் சட்டத்திற் படச்சுருளுக்கு இடமில்லாமையால், 1912 வரையில் படங்கள் தாளில் அச்சிட்ட ஒளிப்படங்களாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டு வந்தன. அங்கிருந்த தாட்பிரதி வேறொன்றைக் காட்டிற்று. மீட்புச் செயல் முதலில் உள்ளிருந்து முழுமையாகவும், பின்னர் அதே செயல் வெளியிலிருந்து மறுபடி முழுமையாகவும் அதில் வருகின்றது. மாறிமாறி வெட்டியது போர்ட்டர் அல்லர். பிற்காலத்திற் பெயரறியாக் கையொன்று செய்த வேலை அது.

மணிமேகலையிற் சமயக்கணக்கர் தம் அளவைகளை எடுத்துரைக்குமிடத்தில் ஐதிகமும் ஓர் அளவையாக எண்ணப்படுகின்றது. இம்மரத்திற் பேய் உண்டு என்று உலகம் சொல்லி வருவதாலேயே அதனை நம்புதல் அங்கு உதாரணமாகும். போர்ட்டரின் புகழிற் பெரும்பகுதி இம்மரத்துப் பேயே. அதனைப் பரப்பியவர்கள் பொய்யர் அல்லர் என்பதே கவனிக்கத்தக்கது. காண்டலை விட்டு உரையைப் பற்றிக்கொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். கண்டவர்களோ தாம் காண்பது எந்தப் பிரதி என்று வினவவில்லை. இரண்டாவது தவறே கடுமையானது. காட்சி தவறாகாது என்ற நம்பிக்கை அதற்கு அரணாகி விடுகின்றதன்றோ?

பட்டமும் பரீட்சையும் இன்றியே சினிமாவை அறிந்தோர் பலர் என்பது இங்கு எழக்கூடிய தடை. 1936இல் பாரிசில் திரைப்படக் காப்பகத்தை நிறுவியோருள் ஒருவரான ஹென்றி லாங்குலுவா எப்பல்கலைக்கழகத்தின் ஆணைக்கும் காத்திருக்கவில்லை. பதினான்கு வயதிற் பள்ளியை விட்ட திரூபோ அக்காப்பகத்தின் இருளிலேயே கற்றார். இத்தடை வலியது, ஆயினும் அது பார்த்தலின் மேன்மையை நிறுவுகின்றதேயன்றி நிபந்தனைகளின் பயனின்மையை நிறுவவில்லை. 1978இல் இங்கிலாந்தின் பிரைற்றன் நகரில், காப்பகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1900 முதல் 1906 வரையான படங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றை ஆய்வாளர் முன் திரையிட்டது. தொடக்ககாலச் சினிமா பற்றிய பழைய கதைகள் பல அதன் பின்னரே குலைந்தன. அங்குக் கூடியோர் வெறும் இரசிகராக மட்டும் இருந்திருப்பின் வியந்து கலைந்திருப்பர். காட்சியைக் காட்சியோடு ஒப்பிட்டு, ஐயுற்று, எழுதி, பிறர் மறுப்புக்கு உட்படுத்தும் பயிற்சி அவர்களிடம் இருந்தது. அப்பயிற்சியைத் தருவதற்கே விதிகள் ஏற்பட்டன. அதனைத் தராதவிடத்து அவை வெறுஞ் சடங்குகள்.

வாய்மொழிப் பரீட்சையில் அமரும் பரீட்சகர் ஆய்வேட்டிற் பேசப்படும் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க முடியாது. சில படங்களின் ஒரேயொரு பிரதி எங்கோ ஒரு காப்பகத்தில் இருக்கும். அதனைப் பார்த்தவர் அவ்வறையில் மாணவர் ஒருவரே. நூற்பட்டியல், அடிக்குறிப்பு, சொற்றொகை எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்க, அக்கணத்தில் பல்கலைக்கழகம் நம்பியிருப்பது அம்மாணவரின் வாய்ச்சொல்லை மட்டுமே. இன்று வீட்டிலிருந்தே எண்ணற்ற படங்களைப் பார்க்கலாம். வெட்டுண்டதும் வேகம் மாறியதும் வண்ணம் ஏற்றியதும் ஒரே தலைப்பின்கீழ்க் கிடைக்கின்றன. தாம் பார்த்தது எந்தப் பிரதி, எங்கே, எத்தனை முறை என்னும் ஒரு வரியை, எவரும் கேளாமலே, தமது ஆய்வேட்டிற் பொறிக்கும் மாணவருக்கு அதனால் ஒரு புள்ளியும் கூடுவதில்லை.