செத்தவள் பெயர் என்ன?

பேயில்லை, பிசாசில்லை. கொல்பவன் மனிதன்! அவன் கொடுமைக்குக் காரணம் கர்மவினையன்று. வளர்ந்த வீடும் வளர்த்த வெறுப்பும். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) போன்ற கொலைப் படங்கள் பகுத்தறிவு இளைஞரை ஈர்ப்பதில் வியப்பென்ன? வேப்பிலையடித்து ஓட்டமுடியாத அச்சத்தை, மனத்தை ஆராய்ந்து அறிக என்கின்றன அவை.

இதற்கு மாளிகையும் வேண்டா, மணிமுடியும் வேண்டா; இருளும், கத்தியும், கதறலும் போதும். தொலைக்காட்சிக் குழுவினரைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், சிறு செலவில் எடுத்த 'சைக்கோ'வால் 1960-இல் உலகையே நடுங்கவைத்தார் ஹிட்ச்காக்.

"இவற்றைப் பார்ப்பவன் கொலைகாரனாவான், தடை செய்க!" என்பர் சிலர். பல லட்சம் பேர் பார்த்தனர், வீடு திரும்பினர், உறங்கினர். பார்ப்பவர் அனைவரும் கத்தி எடுப்பதில்லை. தீங்கு வேறிடத்தில் இருக்கிறது.

மடிபவள் யார்? 'சைக்கோ'வில் முதலில் வீழ்பவள், பணம் திருடியவள். 'சிகப்பு ரோஜாக்க'ளில், ஆடவனின் அழைப்புக்கு இசைந்தவர்கள். 'மூடுபனி'யில், விலைமகளிர். அங்கே தாயை வதைத்தவன் தந்தை. மகனின் கத்தி பாய்வதோ விலைமகள்மீது! கொன்றவனுக்குக் கண்ணீர்க் கதையுண்டு, இளமை வரலாறுண்டு. கொல்லப்பட்டவளுக்கோ ஒழுக்கத் தராசு மட்டுமே. பெண்ணுக்கு மட்டும் கற்பென்று பெரியார் சாடிய பழைய தீர்ப்பு, மனுவின் ஏட்டிலிருந்து இறங்கித் திரையில் ஏறிக்கொண்டதன்றோ?

இது திரையோடு முடியும் செய்தியா? மாப்பிள்ளையூரணிப் பக்கம், விடியுமுன் உப்பளத்துக்கு நடக்கும் பெண்களைப் பாருங்கள். இருளில் நடப்பது அவர்களுக்கு இன்பவுலா அன்று, வயிற்றுப்பாடு. "இருட்டில் போனவள் இன்னலைத் தேடிப் போனவள்" என்னும் எண்ணம் ஊரில் ஊறுமானால், நாளை அவளுக்கொரு தீங்கு நேர்கையில், ஊர் கேட்பது "யார் செய்தான்?" என்றிராது; "அவள் ஏன் போனாள்?" என்றிருக்கும்!

'சிகப்பு ரோஜாக்க'ளில் ஒரு முதியவர் வருகிறார். பெண்ணினத்தையே வெறுக்கும் வளர்ப்புத் தந்தை. மகன் செய்த கொலைகளின் படத்தை, இருட்டறையில் அமர்ந்து கண்டு களிக்கிறார். இருட்டறையில் அமர்ந்து நாமும் காண்கிறோம். அவருக்கும் நமக்கும் வேறுபாடு வேண்டாமா?

ஆகவே தோழர்களே, படம் பார்க்கத் தடையில்லை. அஞ்சுவதும் இழிவன்று. அரங்கைவிட்டு வெளிவருகையில் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: கொன்றவன் பெயர் நினைவிருக்கிறது, செத்தவள் பெயர் என்ன?

விடை வரவில்லையெனில், அந்த முதியவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருந்தோம் நாம்.