திருத்துகிறவனின் கடன்

தவறைத் திருத்த வேண்டும் என்பதில் இரண்டு அபிப்ராயம் இருக்க முடியாது. அந்தத் தவறை நம்பிக் கட்டியவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பதும் திருத்துகிறவன் பொறுப்புதானா என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மென்பொருளில் இந்தக் கேள்வி அன்றாடப் பிரச்னை. 1900 லீப் வருஷம் அல்ல. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் அதை லீப் வருஷமாகக் கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்ஸெலும் அத்தவறைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. தேதிகளை 1900 ஜனவரி 1 முதல் வரிசையெண்ணாக வைத்துக்கொள்ளும் அதில், 60ஆம் எண் பிப்ரவரி 29. அப்படியொரு நாள் விடியவே இல்லை. இன்று அதை நீக்கினால், எண்ணாகச் சேமித்த தேதிகள் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். எங்கோ ஒரு கணக்கர் தன் சௌகரியத்துக்கு எழுதிக்கொண்ட பத்துவரி நிரல் தவணைத் தேதியைப் பிழையாகச் சொல்லும். லோட்டஸ் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

தப்பான அனுமானத்தின்மேல் கட்டியவன் அனுபவிக்கட்டும் என்பது ஒரு நியாயம். அந்த அனுமானம் எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தபின் யாரும் எழுத உட்காருவதில்லை. கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தே எழுதுகிறார்கள். வருஷக்கணக்கில் ஒரே மாதிரி நடந்துகொண்ட ஒன்று, வாய் திறக்காமலே வாக்குக் கொடுத்துவிடுகிறது.

ஸி மொழியில் மெம்காப்பி என்றொரு செயல்கூறு உண்டு. நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்குப் பிரதி செய்வது. இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது விதி. படிந்தாலும் பல சமயங்களில் பிரதி சரியாகவே வந்துகொண்டிருந்தது. 2010இல் லினக்ஸின் ஜிலிப்ஸி நூலகம் வேகத்துக்காகப் பிரதி செய்யும் திசையை மாற்றியது. ஃபெடோரா 14இல், விதியை மீறியிருந்த ஃப்ளாஷ் மென்பொருளின் ஒலி சிதைந்தது. குற்றம் ஃப்ளாஷினுடையது என்றார்கள், அது உண்மை. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவனுக்கு அந்த உண்மையால் என்ன பயன் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் வாதாடினார். அதுவும் உண்மை.

2011இல் வந்த ஜிலிப்ஸி 2.14 ஒரு வழி கண்டது. முன்பே தொகுக்கப்பட்ட நிரல்களுக்குப் பழைய பாதுகாப்பான நடத்தை. புதிதாகத் தொகுக்கப்படுபவற்றுக்கு விதிப்படியான புதிய நடத்தை. ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு கதவுகள். எக்ஸெலின் சமரசத்தைவிட இது மேலானது என்று எனக்குப் படுகிறது. அங்கே இனி வருகிறவர்களும் அந்தப் பொய்யைக் கற்றாக வேண்டும். இங்கே அது தன் பழைய எல்லைக்குள் நின்றுவிடுகிறது.

ஆனால் இரண்டு கதவுகளையும் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். தவறு செய்யாதவன், சரியானதைச் செய்ய வந்தவன், ஏன் அதைச் சுமக்க வேண்டும்? இது அநியாயம்தான். எனினும் தவறு எது, அதன்மேல் எது நிற்கக்கூடும் என்று யோசிக்க முடிந்தவன் அந்தக் கணத்தில் அவன் ஒருவனே. கணக்கருக்கு எதுவும் தெரியாது. குற்றம் யாருடையதாக இருந்தாலும் சுமை அறிந்தவன் தோளுக்குத்தான் வருகிறது.